எண்ணப்படாதவர்கள்

கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மறு ஆண்டுக் கோடைக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என வாகன எண்ணிக்கையையும் வரையறுத்தது. நாம் மனமார வரவேற்றோம். காரணமுண்டு. முன்னொரு கோடையில் நோயிற்பூசுதல் கொடுக்க விரைந்தபோது மூஞ்சிக்கல் நெரிசலில் சிக்கிக்கொண்டோம். நாம் சென்று சேருமுன் அம்முதியவர் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகளின் முகத்தை இன்னும் மறக்கவியலவில்லை.

ஞாயிறு பூசைக்குப் பின், சாலை குறித்துப் பங்கு மக்களின் கருத்தைக் கேட்டோம். கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் பூம்பாறையிலிருந்து வந்திருந்த தாயொருவர் எழுந்தார். "காரையெல்லாம் எண்ணிப்புட்டாங்க, சாமி. பூண்டு மூட்டையோட பஸ்ஸுக்கு நிக்கிற எங்களை யாரு எண்ணுனா?"

நமக்கும் அது தோன்றவில்லையே! மாவட்ட ஆட்சியருக்கு அன்றே விண்ணப்பம் எழுதினோம். பேருந்து வேண்டிய நேரங்களை அத்தாய் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம்.