குல்மார்க் சரிவுகளும் காலுக்கேற்ற பலகையும்

தில்லியில் வாழும் நம்மவருக்குக் குளிர்காலம் என்றால் கம்பளியும் இருமலுமே என்றிருந்த நிலை மாறி வருகிறது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், செனாப் ஆற்றின் படுகைக்கு 359 மீட்டர் மேலே அமைந்த பாலம் திறந்துவைக்கப்பட்டு, கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பின்னர், "குல்மார்க் சென்று பனியில் சறுக்கி வரலாமா?" என்று கேட்கும் அன்பர்கள் நம் சங்கத்திலேயே பலர். நான் ரயில்வே குமாஸ்தா ஆதலால், கட்ராவில் வண்டி மாறுவது எப்படி, முன்பதிவு எப்போது என்பவற்றை என்னிடம் விசாரிக்கிறார்கள். அவற்றுக்கு விடை கூறுவது எளிது. ஆனால் எவரும் விசாரிக்காத கேள்வி ஒன்று உண்டு. அங்கே போய்க் காலில் எந்தப் பலகையைப் பூட்டிக்கொள்வது? செலவழித்த பணத்துக்கு இன்பம் கிடைப்பதும், முழங்கால் பழுதின்றித் திரும்புவதும் பெரிதும் அதையே பொறுத்திருக்கின்றன.

குல்மார்க், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம்போல் அமைந்த புல்வெளி. தங்மார்க் என்னும் சிற்றூரைத் தாண்டினால், சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டிய வண்டிகளே பனிக்காலத்தில் மேலேறும். வெள்ளைக்காரர்கள் 1927-இல் இங்கே பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1998-இல் கொங்டூரி வரையிலும், 2005-இல் அங்கிருந்து ஆபர்வத் மலையின் தோள்வரையிலும், ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கு, 'கொண்டோலா' என்னும் கம்பிவடத் தொட்டிகள் ஓடத் தொடங்கின. டிசம்பர் 21-ஆம் நாள் பிறக்கும் 'சில்லை கலான்' என்ற நாற்பது நாள் கடுங்குளிரில், காஷ்மீரத்தார் பிரன் அங்கிக்குள் காங்கிரிச் சட்டியை அணைத்துக்கொண்டு, உப்புத் தேநீர் அருந்தியபடி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம்மைப்போல் பணம் கொடுத்துக் குளிரில் விழுபவர்களைக் கண்டால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்!

உலகெங்கும் குல்மார்க்கின் புகழுக்குக் காரணம் ஆபர்வத்தின் மேற்புறத்தில் விழும் மாவு போன்ற புதுப்பனி. அங்கே எந்த இயந்திரமும் சரிவைச் சமன் செய்வதில்லை. பனிச்சரிவு அபாயமும் உண்டு. அது தேர்ந்தவர்களின் களம். குடும்பத்தோடு செல்லும் நாம் சறுக்கப்போவதோ, கீழே புல்வெளியை ஒட்டிய சரிவுகளிலும், கொங்டூரியைச் சார்ந்த சில சரிவுகளிலுந்தான். இவற்றை உருளைகள் பூட்டிய இயந்திரம் அழுத்திச் சமன் செய்கிறது. இரவில் அது உறைந்து, காலையில் சிமெண்டுத் தரை போல் இறுகிக் கிடக்கும். இந்த இரண்டு நிலங்களுக்கும் பலகை வேறு வேறு.

சென்ற குளிர்காலத்தில் என் மைத்துனன் உடன் வந்தான். இருபத்துமூன்று வயது. முன்பு ஒரு முறை ஒரு வாரம் பயின்றவன். வாடகைக் கடைக்காரர் ஒருவர், "குல்மார்க்கில் இதுதான் சார் பெருமை" என்று கூறி, தோணித் துடுப்பு போன்ற அகலமான ஜோடியை எடுத்துக் கொடுத்தார். பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சரிவில் இறங்கியவன், திரும்ப முயன்ற இடத்திலெல்லாம் பக்கவாட்டில் வழுக்கிச் சென்றான். நான்காம் முறை வேலி வலையில் போய் நின்றான். "அத்தான், கால் சொல்வதை இது கேட்கவில்லை" என்றான். முழங்காலின் உட்புறத்தில் வலி என்றும் சொன்னான். பயிற்சியாளர் அருகே வந்து, ஒன்றும் பேசாமல், பலகையின் எஃகு விளிம்பில் தம் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்துக் காட்டினார். கூரிய விளிம்பானால் நகத்தைச் சீவித் தூள் படியவேண்டும். ஒன்றும் படியவில்லை. பிறகு பலகையின் மேலே அச்சிட்டிருந்த எண்களைக் காட்டி, "நூற்றெட்டு! இது மேலே போகிறவர்களுக்கு" என்றார்.

அந்த எண்களே முக்கியம். ஒவ்வொரு பலகையிலும் மூன்று எண்கள் இருக்கும்: முனையின் அகலம், இடையின் அகலம், வாலின் அகலம், மூன்றும் மில்லிமீட்டரில். நடுவிலுள்ள எண்ணைப் பாருங்கள். சமன் செய்த சரிவுகளிலேயே பெரும்பாலும் சறுக்குபவர்களுக்கு இடை 75 முதல் 85 வரை இருப்பது நலம். ஓரளவு புதுப்பனியிலும் இறங்க ஆசையுள்ளவர் 90 வரை போகலாம். 100-க்கு மேற்பட்டவை ஆழ்ந்த பனியில் மிதப்பதற்கென்றே செய்யப்பட்டவை. காரணம் எளிது. இறுகிய பனியில் நம்மைத் தாங்கித் திருப்புவது விளிம்பு. ரயில் சக்கரம் தண்டவாளத்தை விட்டு விலகாமல் அதன் ஓர விளிம்பு காப்பது போன்றது இது. பலகை அகலமாக ஆக, விளிம்பு பாதத்தின் அடியிலிருந்து விலகிப் போகிறது. அதைச் சாய்த்துப் பனியில் ஊன்றக் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாகப் போராட வேண்டியிருக்கிறது. மைத்துனனின் வலிக்கு மூலம் அதுவே.

எண்களுக்கு அருகில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துடன் வளைவின் ஆரமும் குறிக்கப்பட்டிருக்கும். நம் அகல ரயில் பாதையின் மிகக் கூர்மையான வளைவுக்கே 175 மீட்டர் ஆரம் விதிக்கப்பட்டிருக்கிறது. பலகைக்கோ 12 முதல் 16 மீட்டர் போதும்! சிறிய ஆரமானால் குறுகலான சரிவிலும் எளிதில் திரும்பலாம். இடை ஒடுங்கிய இந்த உருவம் 1993-இல் ஸ்லோவேனிய நாட்டின் 'ஏலான்' நிறுவனம் செய்த பலகைக்குப் பின்னரே பரவியது. அதற்கு முன்னர், தூக்கிய கையின் மணிக்கட்டை எட்டும் நீளமான நேர்பலகைகளோடு மல்லாடினார்கள். இன்று நம்மைப் போன்றவர்க்கு மோவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்ட நீளம் சரி. பழகாதவர் மோவாய் அளவிலேயே நிற்கட்டும்.

கடையில் இன்னொரு சோதனையும் செய்யலாம். இரு பலகைகளின் அடிப்புறங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால், நடுவில் வில்போல் சிறு இடைவெளி தெரியவேண்டும். நாம் ஏறி நிற்கையில் அந்த வில் அமுங்கி, நம் எடையை விளிம்பு முழுவதிலும் பரப்புகிறது. நெடுநாள் உழைத்து ஓய்ந்த பலகையில் இடைவெளி மறைந்திருக்கும். அதை மறுத்துவிடுங்கள். முனை மட்டும் சற்று முன்னதாகவே மேலெழும்பியிருந்தால் குற்றமில்லை. திருப்பத்தைத் தொடங்க அது துணை செய்யும். அடிப்புறம் வெளுத்து வறண்டிருந்தால் மெழுகு பூசித் தரச் சொல்லலாம். விளிம்பையும் அப்போதே தீட்டித் தருவார்கள். கேட்கத்தான் வேண்டும்.

மைத்துனனுக்கு மத்தியானம் 78 மில்லிமீட்டர் இடையுள்ள ஜோடி கிடைத்தது. அதே கால், அதே சரிவு. மாலைக்குள் பயல் கீழ்ப்புல்வெளி வரை விழாமல் வந்து சேர்ந்தான்.

பலகையைவிடக் கண்டிப்பாய் இருக்கவேண்டிய இடம் பூட்ஸைப் பற்றும் பிணைப்பு. விழும்போது அது கழன்று காலை விடுவிக்க வேண்டும். கழலாவிட்டால் முறுக்கு முழுவதும் எலும்பின்மேல் இறங்கும். எந்த அழுத்தத்தில் கழலவேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பயிற்சி, பூட்ஸ் அடியின் நீளம் ஆகியவற்றைக் கேட்டுக் குறிப்பிட்ட அளவில் திருகி வைப்பது முறை. இவற்றைக் கேளாமல் திருப்புளியை எடுக்கும் கடையை விட்டு உடனே வெளியேறுங்கள். நம் பெண்மணிகள் சிலர் எடையைச் சொல்லக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்வதுண்டு. இங்கே மட்டும் மெய் சொல்லவேண்டும். ஆடவர் தங்கள் தேர்ச்சியைக் கூட்டிச் சொல்வதும் அதைவிடப் பெரிய ஆபத்து. திருகு இறுகிப்போகும்.

பலகையை விலைக்கு வாங்கலாமா என்று கேட்போர் உண்டு. ஆண்டுக்கு ஒரு வாரம் செல்பவருக்கு வாடகையே போதும் என்பது என் கருத்து. பத்துநாள் பயன்பாட்டுக்காகத் தில்லி வீட்டின் ஒற்றை அலமாரியை அடைத்துக்கொள்வானேன்? வாங்குவதானால் முதலில் பூட்ஸை வாங்குங்கள். கால்விரல் முனையில் லேசாகத் தொடவேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்கவேண்டும். குதிகால் மேலெழக் கூடாது. இரண்டு காலுறை போட்டால் கதகதப்பு என்று எண்ணி, தாய்மார்கள் பிள்ளைகளுக்கு அடுக்கி மாட்டிவிடுகிறார்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மேலும் குளிர்ந்துவிடும். மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே போதும். மாலையில் பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி அறையிலேயே உலர்த்துங்கள். ஆனால் 'புகாரி' என்னும் விறகு அடுப்பிலிருந்து நான்கு முழமாவது தள்ளி வைக்கவேண்டும்.