ரசீதுப் புத்தகமும் கரிச்சான் மாடும்

பந்தயத்துக்கு முதல் நாள் ராத்திரி சித்தப்பா போன் பண்ணினார்.

"நோட்டீஸ்ல கரிச்சானுக்கு நுழைவுக் கட்டணம் 2,500னு போட்டிருக்கு. அச்சுப் பிழையாடா?"

"இல்ல சித்தப்பா. அவ்வளவுதான்."

"சரி." வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அவர் வண்டி வரவில்லை.

இது போன வருஷம் நடந்தது. எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில், ஒரு பக்கம் திராட்சைப் பந்தலும் மறுபக்கம் நெல் வயலுமாக இருக்கும் ஊர். கோயில் திருவிழாவையொட்டி மாட்டு வண்டிப் பந்தயம் நடத்துவோம். நான் உரக்கடை வைத்திருக்கிறேன். கடைக்காரனுக்குக் கணக்கு வரும் என்று நம்பி, விழாக் கமிட்டியின் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த 2,500ஐ எழுதியது என் கைதான்.

பந்தயம் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே எல்லா மாடும் ஒன்றாக ஓடாது. பல்லையும் உயரத்தையும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று பெயர்கள். பெயரைக் கேட்டால் பறவைக் கண்காட்சி மாதிரி இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தூரம், ஒரு பரிசு, ஒரு கட்டணம். தார்ச்சாலையில் எல்லைவரை போய்த் திரும்ப வேண்டும். எல்லையில் முதலில் கொடி வாங்குகிற சாரதிக்குத் தனியாகக் கொடிப் பரிசு உண்டு.

சித்தப்பாவிடம் இருந்தது ஒரு கரிச்சான் ஜோடி. பெரிய வெற்றி எதுவும் கிடையாது. ஒருமுறை மூன்றாம் பரிசாகக் கிடைத்த குத்துவிளக்கு இன்னும் அவர் வீட்டு டிவி மேல் இருக்கிறது. ஆனால் ஒரு பந்தயம் விடமாட்டார். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பந்தயங்கள் நின்றபோது பலர் மாட்டை விற்றார்கள். அவர் விற்கவில்லை. "பந்தயம் நின்னா மாடு சாப்பிடாம இருக்குமா?" என்று சொல்லிக்கொண்டு, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். 2017 ஜனவரியில் மெரினாவிலும் ஊர் ஊராகவும் பிள்ளைகள் உட்கார்ந்து போராடி, சட்டத் திருத்தம் வந்தது. அதன் பிறகு எங்கள் ஊரில் நடந்த முதல் பந்தயத்துக்குப் புது ஜோடி வாங்கிக் கட்டினார். அப்போது கரிச்சானுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். அந்த நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. பதினான்கு ஜோடி பதிந்திருக்கிறது. அதில் ஐந்து எங்கள் ஊர் மாடு.

போன வருஷம் எட்டு ஜோடி. உள்ளூர் மாடு ஒன்றுகூட இல்லை.

கட்டணத்தை ஆசைப்பட்டு ஏற்றவில்லை. மைக்செட், தடுப்புக் கட்டை, ஆம்புலன்ஸ், வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று செலவு நீளும். எட்டு வண்டி ஓடினாலும் பதினாறு வண்டி ஓடினாலும் இந்தச் செலவு ஒன்றுதான். வண்டி குறையக் குறைய ஒவ்வொரு தலையிலும் கூடுதலாக விழும். போதாததற்கு, பக்கத்து ஊரில் முதல் பரிசைக் கூட்டினால் நாங்களும் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பேர்போன வண்டிகள் அங்கே போய்விடும். பரிசைக் கூட்ட நன்கொடை போதவில்லை என்றால் கட்டணத்தில்தான் கை வைப்போம். கட்டணம் கூடினால் உள்ளூர்க்காரர் இரண்டு பேர் ஒதுங்குவார்கள். அடுத்த வருஷம் அந்த இரண்டு பேர் பங்கையும் மற்றவர்கள் சுமக்க வேண்டும். நோட்டை வருஷம் வருஷமாகப் புரட்டினால் இது தெளிவாகத் தெரிகிறது. எழுதும்போது எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பா மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை கார்ப் பந்தயத் தளம் இருப்பதால், லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அஜித் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்தில் பரிசு வாங்கியபோது ஊரையே போனில் எழுப்பியவன். அவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

"அண்ணே, கார்லயும் இதே பாட்டுதான். தளத்து வாடகை, டாக்டர், ஆம்புலன்ஸ், கொடி காட்டுற ஆளுங்க எல்லாம் பத்து காருக்கும் அதே செலவு, முப்பது காருக்கும் அதே செலவு. ஆள் குறைஞ்சா என்ட்ரி ஃபீஸ் ஏறும்" என்றான்.

அவன் சொன்ன ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில், ஃபியட், ஹெரால்டு என்று ரோட்டில் ஓடிய வண்டிகளையே தட்டிக்கொட்டி ஓட்டினார்களாம். பந்தயத்துக்கென்றே செய்த கார் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? கோவையைச் சேர்ந்த கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து, செலவு குறைந்த பந்தயக் கார் ஒன்றைச் செய்தார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். அந்தப் பிரிவில் ஓட்டத் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அமெரிக்காவிலும் 2006 முதல் ஒரு கூத்து நடக்கிறது. பாதுகாப்புச் சாமான்களைத் தவிர்த்து, காரின் மதிப்பு 500 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஓட்டை வண்டிகளுக்கென்றே ஒரு பந்தயம்!

எங்கள் ஊரின் 500 டாலர் கார் கரிச்சானும் சிட்டுகளும்தான். அதில்தான் சின்ன விவசாயி உள்ளே வர முடியும். பெரிய மாட்டுக்குக் கூட்டினதைப் போலவே அதற்கும் கூட்டியிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் ஒரு மாடு மட்டும் நின்றது.

"இன்னொண்ணு?"

"வித்தாச்சு. பின்னங்கால் சரியில்ல."

"ரெண்டாயிரத்து ஐநூறுக்காகவா சித்தப்பா? தீவனத்துக்கு மாசம் அதைவிட அதிகமாகச் செலவு பண்றீங்களே."

"தீவனக் காசு என் மாட்டு வயித்துக்குப் போகுது. உன் ரசீதுக் காசு எவனோ ஒருத்தன் மாட்டுக்குப் பரிசாப் போகுது. ஜெயிக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும்டா. தோக்குறதுக்கும் ஒரு விலை இருக்குல்ல?"

சித்தி காபி கொண்டுவந்து வைத்தார். "மாடு போன அன்னைக்கு மனுஷன் சாப்பிடல" என்றார். சித்தப்பா முறைத்தார்.

இந்த வருஷக் கமிட்டிக் கூட்டத்தில் நோட்டை விரித்து வைத்தேன். சண்டை ராத்திரி பதினொரு மணிவரை நடந்தது. "பரிசு குறைஞ்சா நல்ல வண்டி வராது. நல்ல வண்டி வராட்டி கூட்டம் வராது" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னதில் தப்பில்லை. கடைசியில் பெரிய மாட்டையும் நடு மாட்டையும் தொடவில்லை. கரிச்சானுக்குக் கட்டணத்தை 1,500 ஆக்கி, முதல் பரிசைக் குறைத்து, மிச்சத்தை ஐந்தாம் இடம்வரை பிரித்தோம். எல்லைக்குப் போய்த் திரும்பிவரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மூட்டை பருத்திக்கொட்டை. அது என் யோசனை. கடையில் பருத்திக்கொட்டையும் விற்கிறேன் என்பதால் எல்லோரும் சிரித்தார்கள். லாபம் வைக்காமல்தான் கொடுத்தேன், நம்புங்கள்.

கணக்கு இடித்தது. கையிலிருந்து கொஞ்சம் போனது. அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று இப்போதே பேச்சு இருக்கிறது. ஆனால் பதினொரு ஜோடி வந்தது.

பந்தயத்தன்று காலை ஐந்தரை மணி. பதிவு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா வந்தார். கூடவே, வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஏழெட்டு வருஷமாக அவர் முகம் பார்க்காத பக்கத்து வயல்காரர். அவரிடமும் கரிச்சான் தரத்தில் ஒற்றை மாடு இருந்தது. இரண்டு பேர் தங்கள் ஒற்றை மாடுகளைச் சேர்த்து ஒரு வண்டியில் பூட்டுவது பந்தயத்தில் வழக்கம்தான். ஆனாலும் இந்த இரண்டு பேரா என்று நான் வாயைப் பிளந்தேன்.

ஆளுக்கு 750 ரூபாயை மேஜையில் தனித்தனியாக வைத்தார்கள். ஒருவர் பணத்தோடு இன்னொருவர் பணம் சேரவே கூடாது என்பதுபோல நடுவில் ஒரு சாண் இடம்.

ரசீது எழுதினேன். உரிமையாளர் என்ற கோட்டில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. இரண்டு பெயரையும் நெருக்கி எழுதி நீட்டினேன். சித்தப்பா வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"அவன் பேரை எதுக்குடா முதல்ல எழுதின?"

கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.