பாம்பு பசியாறும் நேரம்

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் வரும் கேள்வி "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். நாயோ பூனையோ வந்தால்கூட ஒரு கிண்ணத்தில் எதையாவது வைத்தால்தான் மனசு ஆறும். ஆனால் வந்திருப்பது பாம்பு என்றால்? அங்கே இந்த உபசாரம்தான் முதல் தவறு!

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். கைவிடப்பட்ட பாம்பு, பல்லி, ஆமைகளைப் பராமரிக்கும் ஒரு காப்பகத்திலிருந்து, ஓர் அக்டோபர் மாதத்தில் அவள் தத்தெடுத்து வந்தது ஒரு பால் பைத்தான். பெயரைப் பார்த்துப் பால் குடிக்கும் பாம்பு என்று எண்ணிவிட வேண்டாம். இந்தப் 'பால்' ஆங்கிலத்துப் பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும், அதனால் வந்த பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத, சிறிய மலைப்பாம்பு. ஐந்தடிக்கு மேல் வளர்வது அபூர்வம். (பால் எந்தப் பாம்புக்குமே இயற்கையான உணவு அல்ல என்பது வேறு விஷயம்.)

"ஒரு வாரம் தொடாதே. இரையும் கொடுக்காதே. முதலில் இடம் பழகட்டும்" என்று காப்பகத்தில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அவளால் இரண்டு நாள்தான் பொறுக்க முடிந்தது. மூன்றாம் நாள் இரவு, உறைநிலையில் வாங்கி வைத்திருந்த எலியை உருகவைத்து, இடுக்கியில் பிடித்து நீட்டினாள். பாம்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் நீட்டினாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொரு முறையும் எலி குப்பைக்குப் போனது, பாம்பு மூலைக்குப் போனது.

ஏன் சாப்பிடவில்லை? புது இடத்தில் அதற்கு எல்லாமே ஆபத்துதான். அவள் கண்ணாடித் தொட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்திருந்தாள். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு பொந்துகூட இல்லை. எலியும் ஆறிப்போயிருந்தது. பால் பைத்தானின் உதட்டோரம் வெப்பத்தை உணரும் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. இருட்டில் வெதுவெதுப்பான உடல்தான் அதற்கு இரை. எனவே எலியை ஒரு பையில் போட்டு வெந்நீரில் வைத்துச் சூடேற்றித்தான் கொடுக்க வேண்டும். உயிருள்ள எலியை விட்டால் என்ன என்று கேட்கலாம். பசிக்காத பாம்பை எலி கடித்துக் குதறிய கதைகள் ஏராளம்!

இத்தனைக்கும் இந்த வகைப் பாம்பு மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது புதிதல்ல. குளிர்காலத்தில் வளர்ந்த பாம்புகள் பல பட்டினி கிடக்கும். கவலைப்பட வேண்டியது நாள்காட்டியைப் பார்த்து அல்ல, தராசைப் பார்த்து. வந்தபோது அவளுடைய பாம்பின் எடை 1,200 கிராம். நான்கு வாரம் கழித்து 1,180. நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரிய பாம்புக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போயே ஆகவேண்டும்.

தொட்டியைச் சந்தடியில்லாத அறைக்கு மாற்றி, இரண்டு பொந்து வைத்து, ஒரு வாரம் எட்டிப் பார்க்காமல் இருந்தாள். அடுத்த முறை சூடான எலியை நீட்டியதுமே பாய்ந்து கவ்விச் சுற்றிக்கொண்டது. பத்தே நிமிடத்தில் வால் நுனியும் உள்ளே போய்விட்டது. தாடை கழன்றுகொள்கிறது என்று பலர் சொல்வார்கள். அது உண்மையல்ல. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்பக்கம் எலும்பால் ஒட்டியிராமல், விரியக்கூடிய தசைநாரால் இணைந்திருக்கின்றன. அவ்வளவுதான்.

அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மறுநாள் மாலை தோழிகளைக் கூப்பிட்டுப் பாம்பைக் கையில் எடுத்துக் காட்டினாள். மூன்றாம் நாள் அறையெங்கும் துர்நாற்றம். பாதி கரைந்த எலி தொட்டிக்குள் கிடந்தது. தானே கொன்றுவிட்டோமோ என்று அழுதேவிட்டாள்.

பாம்பின் வயிறு நம் வயிறு மாதிரி எப்போதும் வேலைக்குத் தயாராக இருப்பதில்லை. பர்மிய மலைப்பாம்பை வைத்துச் செய்த ஆய்வுகள் இதை நன்றாகக் காட்டியிருக்கின்றன. இரை இல்லாதபோது அதன் வயிற்றில் அமிலம் சுரப்பதே நின்றுவிடுகிறது. குடல் சுருங்கிவிடுகிறது. இரை உள்ளே போன பிறகுதான் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. ஒரே நாளில் வயிறு கடும் அமிலமாகிறது. குடலின் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இதயம்கூட இரண்டே நாளில் 40 சதவீதம் பெரிதாகிறது என்று 2005-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பூட்டிக் கிடந்த ஆலையைத் திறந்து, இயந்திரங்களைப் பொருத்தி, பிறகு உற்பத்தியைத் தொடங்குவது மாதிரி!

இந்த ஆலைக்கு வேண்டிய சூடு பாம்பின் உடலுக்குள் இல்லை, வெளியிலிருந்துதான் வரவேண்டும். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "தரையில் வெப்பநிலை எவ்வளவு?" கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானி 32 டிகிரி காட்டியது. பாம்பு படுத்திருந்த தரையிலோ 25 தான். சூடு போதாவிட்டால் செரிமானம் மந்தமாகி, இரை உள்ளேயே அழுகத் தொடங்கும். அதோடு தூக்கி அலைக்கழித்தால், கக்கிவிட்டு உயிர் பிழைக்கப் பார்க்கும் பாம்பு.

"உடனே இன்னொரு எலி கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள். கூடவே கூடாது என்றார் மருத்துவர். மேலே வந்த அமிலம் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும், நீர்ச்சத்தும் போயிருக்கும். தண்ணீர் மட்டும் வைத்து இரண்டு வாரம் விட்டுவிட வேண்டும். பிறகு பாதி அளவு இரை. அது செரித்தால்தான் பழைய அளவு. மறுபடி மறுபடி கக்கினால் பாம்பு பிழைப்பது கஷ்டம்.

அந்த இரண்டு வாரம் அவளுக்கு இரண்டு வருடம். தரையில் வெப்பமானி வைத்து, ஒரு பக்கம் 32, மறுபக்கம் 26 டிகிரி என்று சரிசெய்தாள். பதினைந்தாம் நாள் ஒரு சுண்டெலி. சாப்பிட்டது. தொட்டியைத் துணியால் மூடிவிட்டு வெளியே வந்துவிட்டாள். 48 மணி நேரம் தொடக்கூடாது என்பது விதி. அவள் ஒரு வாரம் தொடவில்லை.

ஒன்பதாம் நாள் காலை தொட்டியில் கிடந்தது பாம்பின் எச்சம். செரிக்காத எலிமுடியும், சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக யூரிக் அமிலமும். அதைப் பார்த்து ஒருத்தி ஆனந்தக் கண்ணீர் விட்டாள் என்றால் நம்புவீர்களா?

அன்று அம்மாவுக்குத் தொலைபேசியில் அவள் சொன்ன முதல் செய்தியே அதுதான். பாம்பு மட்டும் பொந்துக்குள் சுருண்டு, எதுவும் நடக்காததுபோல் தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் அவள் அதை எழுப்பவில்லை.