சார்ஜ் ஒப்படைக்காமல் போன சர்வர்

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் சர்வரின் முகப்பில் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தன. பவர் பட்டனை ஐந்தாவது முறையாக அழுத்தினேன். உள்ளே ஃபேன் ஒரு விநாடி உறுமிவிட்டு அடங்கியது. ஆம்பர் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

கோவைக்கு வெளியே ஒரு நூற்பாலை. இது நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. முந்தின நாள் ராத்திரி நல்ல இடி மழை. யூபிஎஸ் பேட்டரி மாற்றச் சொல்லி நான் அனுப்பிய மெயில் பர்ச்சேஸில் மூன்று மாதமாகக் கிடந்தது. இப்போது அதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஏனுங்க தம்பி, எப்ப வரும்?" என்று போனில் கேட்டார் மேனேஜர்.

"மதர்போர்டு போயிருக்குமாட்டங்க சார். கம்பெனிக்காரங்க வந்து பார்த்தாத்தான் தெரியும்."

"அப்ப இன்னைக்கு ஷிஃப்டு?"

ஷிஃப்டு பாட்டுக்கு நடந்தது. டைம் ஆபீஸ்காரர் வழக்கம்போல் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனார், குடோனில் பில் அடித்தார்கள், பிரிண்டர் ஓடியது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களை முதலில் குழப்புவது இதுதான். தலைமை சர்வர் செத்துக் கிடக்கிறது, ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குக் காரணம், யூசர், பாஸ்வேர்டுக் கணக்கையெல்லாம் வைத்திருக்கிற ஆக்டிவ் டைரக்டரி கட்டப்பட்டிருக்கிற விதம். விண்டோஸ் என்டி காலத்தில் பிடிசி, அதாவது பிரைமரி டொமைன் கன்ட்ரோலர், என்று ஒரே ஒரு முதலாளி. மற்றவையெல்லாம் முதலாளி எழுதியதைப் படித்து ஒப்பிக்கிற பேக்கப் டொமைன் கன்ட்ரோலர்கள். முதலாளி விழுந்தால் ஒரு பாஸ்வேர்டைக்கூட மாற்ற முடியாது. 2000-இல் விண்டோஸ் 2000 வந்தபோது அந்த முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் எழுதலாம், எழுதியதை அவை தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும். ஆலையில் எங்களுக்கு மூன்று இருந்தன. செத்தது முதலாவது. அதே கட்டடத்தில் மாடியில் இரண்டாவது. திருப்பூர் கிளையில், அழுது வடியும் ஒரு லைனின் மறுமுனையில், மூன்றாவது.

எல்லோரும் எழுதலாம் என்றாலும் சில வேலைகளை இரண்டு பேரிடம் விட்டால் விபரீதமாகிவிடும். அப்படி ஐந்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சர்வரைப் பொறுப்பாக்கினார்கள். ஃபிஸ்மோ ரோல் என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான். ஸ்கீமா மாஸ்டர், டொமைன் நேமிங் மாஸ்டர் இரண்டும் மொத்தக் காட்டுக்கும், அதாவது ஃபாரஸ்டுக்கும், ஒன்றே ஒன்று. பிடிசி எமுலேட்டர், ரிட் மாஸ்டர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர் மூன்றும் டொமைனுக்கு ஒன்று. முதலில் நிறுவுகிற சர்வரிலேயே ஐந்தும் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலான ஆபீஸ்களில் அது அங்கேயே கிடக்கும். எங்கள் ஆலையிலும் அப்படித்தான் கிடந்தது.

பொறுப்பை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. பழைய சர்வர் உயிரோடு இருந்தால் டிரான்ஸ்ஃபர். தாசில்தார் மாறுதலில் போகும்போது இருப்பை எண்ணி, சாவியைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு சார்ஜ் ஒப்படைப்பது போல. ஆள் திடீரென்று போய்விட்டால் சீஸ். சாவி கேட்க ஆளில்லை, பூட்டை உடைத்து, இருப்பைத் தானே எழுதிக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். சீஸ் செய்ய ஆகிற நேரம் இரண்டு நிமிடம். அதைச் செய்யலாமா என்று முடிவெடுக்க எனக்கு இரண்டரை நாள் ஆனது.

ஏனென்றால் சர்வர் கம்பெனியின் இன்ஜினியர், போர்டு சென்னையிலிருந்து வரவேண்டும், செவ்வாய்க்கிழமை மாட்டிவிடலாம் என்று சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை எழுந்து வரப்போகிற சர்வரிடமிருந்து ஞாயிற்றுக்கிழமையே பொறுப்பைப் பறிப்பது, காய்ச்சலில் படுத்தவருக்குப் பாடை கட்டுகிற வேலை. மேனேஜருக்கு இது புரியவில்லை. ஏதாவது செய்துகொண்டிருப்பதாக நான் தெரிய வேண்டும் என்பது அவர் கவலை. சும்மா இருக்கிற சிஸ்டம் அட்மினைப் பார்த்தால் எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதனால் சும்மா உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்கீமா மாஸ்டர் இல்லாவிட்டால் புதிய எக்ஸ்சேஞ்ச் பதிப்பு மாதிரி எதையாவது நிறுவும்போதுதான் முட்டும். டொமைன் நேமிங் மாஸ்டர், புதிதாக டொமைன் சேர்க்கிறவர்களுக்கு. இரண்டும் மாதக்கணக்கில் இல்லாமல் இருந்தாலும் ஆலைக்குத் தெரியாது. ஒரே டொமைன் உள்ள இடத்தில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டருக்கு வேலையே கிடையாது.

ரிட் மாஸ்டர் சுவாரசியமான ஆள். புதிதாக ஒரு யூசரையோ கம்ப்யூட்டரையோ சேர்த்தால் அதன் அடையாள எண்ணின் கடைசிப் பகுதி ஒரு தொடர் எண். அந்த எண்களை 500, 500 ஆகக் கட்டு கட்டி மற்ற சர்வர்களுக்குக் கொடுப்பது இவர் வேலை, ரேஷன் கடையில் டோக்கன் புத்தகம் கொடுப்பது மாதிரி. பாதி தீர்ந்ததும் ஒவ்வொரு சர்வரும் அடுத்த கட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆக, மாடி சர்வரிடம் எப்படியும் 250-க்குக் குறையாது. எங்கள் ஆலையில் மாதத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் சேருவார்கள். ஒரு வருடத்துக்குக் கவலையில்லை.

மிச்சம் பிடிசி எமுலேட்டர். பெயரைப் பார்த்தால் பழைய பிடிசிபோல் நடிப்பவர், ஆனால் அன்றாடம் நம் கழுத்தைப் பிடிப்பவர் இவர்தான். எந்த சர்வரில் பாஸ்வேர்டை மாற்றினாலும் அவசரமாக இவருக்குத் தகவல் போகும். வேறொரு சர்வரில் பாஸ்வேர்டு தப்பு என்று வந்தால், 'உங்களிடம் புதிதாக ஏதும் இருக்கிறதா' என்று அது இவரைத்தான் கேட்கும். இவர் இல்லை என்பது திங்கட்கிழமை மதியம் தெரிந்தது. மார்க்கெட்டிங் ஆள் ஒருவர் காலையில் ஆலையில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு பஸ் ஏறித் திருப்பூர் போனார். அங்கே புதிய பாஸ்வேர்டு செல்லவில்லை. இரண்டு ஊர்களுக்கு இடையிலான பரிமாற்றம், மாற்றாமல் விட்டால், 180 நிமிடத்துக்கு ஒருமுறைதான். நாங்கள் மாற்றாமல்தான் விட்டிருந்தோம். பஸ் எங்கள் லைனை முந்திவிட்டது. பழைய பாஸ்வேர்டைப் போடுங்கள் என்றேன். வேலை செய்தது. அவர் என்னை ஒரு மந்திரவாதியைப் போல நினைத்திருப்பார், அல்லது திருடனைப் போல.

இதற்கிடையில் என் உதவிக்கு இருந்த பையன் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னான். "அண்ணா, மூணு மாசம் முந்தி டிஸ்க் இமேஜ் எடுத்து வச்சோமே, அத வேற மெஷின்ல போட்டு ஏத்திரலாங்களா?"

இந்த வேலையில் மிக அழகாக ஏமாற்றுகிற யோசனை அது. சர்வர் எழும், லாகின் ஆகும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரும் தான் செய்கிற மாற்றங்களுக்கு வரிசை எண் போட்டு ஒரு பேரேடு எழுதுகிறது. மற்றவை அந்த எண்ணை நினைவில் வைத்திருக்கும். 'நீ சொன்னதில் 80,000 வரை கேட்டுவிட்டேன்' என்று மாடி சர்வர் குறித்து வைத்திருக்கிறது என்று வையுங்கள். இமேஜிலிருந்து எழுந்தது 60,000-இல் நின்று, 60,001 என்று புதிதாக எழுதத் தொடங்கும். அந்த எண் ஏற்கெனவே கேட்டதுதானே என்று மாடி சர்வர் காதிலேயே போட்டுக்கொள்ளாது. இதற்கு யூஎஸ்என் ரோல்பேக் என்று பெயர். கண்டுபிடித்துவிட்டால் விண்டோஸ் 2095 என்ற எண்ணில் ஒரு நிகழ்வைப் பதிந்துவிட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிடும். கண்டுபிடிக்காவிட்டால் இரண்டு சர்வர்களும் இரண்டு உண்மைகளோடு பக்கத்துப் பக்கத்தில் வாழும். பின்னால் 2012 பதிப்பில் விர்ச்சுவல் மெஷின்களுக்கு இதைத் தடுக்க ஒரு வழி செய்தார்கள். எங்களிடம் இருந்தது 2008 ஆர்2, அதுவும் இரும்புப் பெட்டி. முறையான சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் இருந்தால் கதை வேறு, அதிலிருந்து மீட்கும்போது சர்வர் தன்னைப் புது ஆளாக அறிவித்துக்கொள்ளும். எங்கள் பேக்கப் டேப்பின் கதையைப் பேச வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை போர்டு வந்தது. மாட்டினார்கள். ஃபேன் ஓடியது, திரை வந்தது, பையன் கை தட்டினான். அப்புறம் ரெய்டு கன்ட்ரோலர், நான்கு டிஸ்க்கில் இரண்டைக் காணோம் என்றது. ரெய்டு 5-இல் ஒன்று போனால் தாங்கும், இரண்டு போனால் முடிந்தது. இன்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டு, கன்ட்ரோலர் கார்டையும் மாற்றிப் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை ஆகும், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

அப்போதுதான் முடிவெடுத்தேன். கட்டளை அடிப்பதற்கு முன்னால் கீழே போய், செத்த சர்வரின் பின்பக்கம் இருந்த நெட்வொர்க் கேபிள் இரண்டையும் கழற்றினேன்.

பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதிலும் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. செத்தவர் கடைசியாகச் சொன்னதை யார் அதிகம் கேட்டிருக்கிறாரோ அவர்தான் உட்கார வேண்டும். ரெப்அட்மின் கட்டளையில் இரண்டு சர்வர்களின் குறிப்பையும் எடுத்துப் பார்த்தேன். மாடி சர்வர் முன்னால் இருந்தது. ஒரே கட்டடத்தில் பரிமாற்றம் விநாடிக் கணக்கில் நடந்துவிடும், எதிர்பார்த்ததுதான். ஆனாலும் பார்த்துவிட்டுச் செய்வதற்கும் எதிர்பார்த்துச் செய்வதற்கும் நடுவில் ராத்திரித் தூக்கம் இருக்கிறது.

கறுப்புத் திரையில் என்டிடிஎஸ்யூட்டில். ரோல்ஸ், கனெக்‌ஷன்ஸ், மாடி சர்வரின் பெயர், க்விட், பிறகு சீஸ் பிடிசி. உறுதிதானா என்று ஒரு பெட்டி கேட்கும். ஆம் என்றதும் திரை முழுக்கப் பிழைச் செய்திகள் கொட்டும். முதல் தடவை பார்ப்பவருக்கு வயிறு கலங்கிவிடும். பையனுக்குக் கலங்கியது. "ஃபெயில் ஆயிருச்சுங்கண்ணா!" உண்மையில் அந்த நிரல் கொஞ்சம் நாகரிகம் பார்க்கும். பறிப்பதற்கு முன்னால், முறையாக ஒப்படைக்கிறீர்களா என்று செத்தவரை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராததைத்தான் அப்படிப் பிழையாக எழுதுகிறது. அதன் கீழே, அமைதியாக, ஐந்து ரோல்களும் யாரிடம் என்ற பட்டியல் வரும். அதில் ஒரு வரி மாறியிருந்தது. இன்னும் நான்கு தடவை அதே கூப்பாடு, அதே அமைதி.

அடுத்தது பெயர் நீக்கம். பழைய சர்வரின் கணக்கை டைரக்டரியிலிருந்து அழிக்கும்போது ஒரு டிக் வைக்கச் சொல்லும்: இந்த டொமைன் கன்ட்ரோலர் நிரந்தரமாக இணைப்பில் இல்லை, இனி இதை முறைப்படி பதவியிறக்க முடியாது. எனக்குத் தெரிந்து மவுஸ் கொண்டு கொடுக்கிற ஒரே இறப்புச் சான்றிதழ் அதுதான். வைத்தேன். பிறகு டிஎன்எஸ்ஸில் அதன் பெயரில் கிடந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். கையால் ஐபி போட்ட கம்ப்யூட்டர்கள் பாவம், செத்தவரையே முதலில் கூப்பிட்டுக் காத்திருந்தன. எடைமேடைக் கம்ப்யூட்டர் 'ஸ்லோ' என்று லாரி டிரைவர் வரைக்கும் திட்டினார்கள். அதெல்லாம் நடந்து தேய வேண்டிய வேலை.

ஒன்றை மறந்தேன். காட்டுக்கெல்லாம் மணி சொல்வதும் பிடிசி எமுலேட்டரின் வேலை. அதற்கு மணி சொல்ல வெளியே ஒரு ஆள் வேண்டும். பழைய சர்வரில், டெல்லியில் இந்திய நேரத்தைப் பராமரிக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரை யாரோ புண்ணியவான் போட்டு வைத்திருந்தார். ரோலைப் பறிக்கும்போது அந்த ஏற்பாடு கூடவே வராது. மாடி சர்வர் தன் மதர்போர்டு கடிகாரத்தை நம்பி ஓட ஆரம்பித்தது. கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால் கெர்பரோஸ் லாகினை மறுத்துவிடும் என்று பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். இங்கே அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் எல்லாக் கம்ப்யூட்டரும் அதைப் பார்த்தே ஒற்றுமையாகப் பிசகின. இரண்டு மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. எட்டு மணிச் சங்கு ஊதும்போது வருகைப் பதிவு மிஷினில் எட்டு மூன்று. சரியான நேரத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் லேட் விழுந்தது. கேட்டில் தகராறு. "சங்க நம்புறதா, உங்க பொட்டிய நம்புறதா?" என்று ஒரு சைடர் அம்மா என்னைக் கேட்டார். சங்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது. பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஹெச்ஆருக்கு நானே எழுதிக் கொடுத்தேன்.

அது பிறகு நடந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

ரிட், ஸ்கீமா, நேமிங் மூன்றையும் பறித்த பின் பழைய சர்வர் மறுபடி நெட்வொர்க்கில் தலைகாட்டவே கூடாது என்பது விதி. பிடிசி, இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பற்றி அவ்வளவு கண்டிப்பு இல்லை. எழுந்ததும் அக்கம்பக்கத்தில் விசாரித்து, பொறுப்பு கைமாறியதைத் தெரிந்துகொண்டு ஒதுங்கிக்கொள்ள சர்வருக்கே புத்தி உண்டு, பெரும்பாலும். அந்தப் 'பெரும்பாலும்' பொய்க்கிற ஒரு நாளில் அதே டோக்கன் கட்டை இரண்டு பேர் கொடுப்பார்கள். குடோனில் சேர்ந்த புது ஆளுக்கும் அக்கவுன்ட்ஸில் சேர்ந்த புது ஆளுக்கும் ஒரே அடையாள எண். யார் எந்த ஃபைலைத் திறக்கலாம் என்று அதற்குமேல் யாராலும் சொல்ல முடியாது.

பதினோரு மணிக்கு இன்ஜினியர் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"சார், கார்டு மாத்தினேன், நாலு டிஸ்க்கும் வந்திருச்சு. விண்டோஸ் ஏறி லாகின் ஸ்கிரீன்ல நிக்குது! நெட்வொர்க் கேபிளத்தான் காணோம். ரேக்கு பின்னாடியெல்லாம் தேடிட்டேன்."

"தேடாதீங்க," என்றேன். "என் பையில இருக்கு."