சுமைதாங்கி

எங்கள் ஊர்ச் சந்திக்கு அண்மையில், சந்தைக்குச் செல்லும் வீதியோரமாக ஒரு சுமைதாங்கி நின்றது. இரு தூண்கள், அவற்றின்மீது குறுக்காக ஒரு கல், அவ்வளவுதான். கருவுற்ற நிலையில் இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக அதனை நாட்டினார்கள் என்று அப்பாச்சி சொல்லுவார். பிள்ளையைச் சுமந்தபடியே போனவளின் பாரம் இறங்கட்டும் என்பது அந்நாளையோரின் நம்பிக்கை. கடகமும் விறகுக்கட்டும் தலையிற் சுமந்து வருவோர் அவ்விடத்தில் நிற்பர். பாரத்தைக் கல்லின்மீது இறக்குவர். சற்று இளைப்பாறிய பின் மீண்டும் தலையில் ஏற்றிக்கொண்டு நடப்பர். நிலத்தில் வைத்த பாரத்தைத் தனியொருத்தி தலைக்கு ஏற்றுதல் அரிது. தலையளவுக்குச் சற்றே தாழ்ந்து நிற்கும் கல்லிலிருந்து ஏற்றுதல் எளிது. அக்கல் எவருடைய சுமையையும் வீடுவரை கொண்டு சென்றதில்லை. சுமப்பவள் மூச்சுவிட ஓர் இடம் தந்தது. அதுவே அதன் பயன்.

இதன் பொருளை நான் உணர்ந்துகொண்டது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்திற் படித்துக்கொண்டிருந்த காலத்தில். அவ்வாண்டு என் அக்காவின் மகளுக்கு, ஒன்பது வயதுச் சிறுமிக்கு, குடும்பத்துக்கு நன்கு அறிமுகமான ஒருவரால் தீங்கு இழைக்கப்பட்டது. இதற்கு மேல் அதுபற்றி எழுதப் போவதில்லை. வழக்கு நடைபெறுகின்றது என்பது ஒரு காரணம். அது என் பெறாமகளின் கதை, அதனைச் சொல்வதும் சொல்லாது விடுவதும் அவளுக்கே உரியன என்பது அதனிலும் பெரிய காரணம். நான் எழுத விழைவது அவளுடைய பெற்றோரைப் பற்றி. அதற்கு அக்காவின் சம்மதம் உண்டு.

செய்தி கேட்டு வீட்டுக்கு ஓடிச்சென்ற நான், கிணற்றடியில் நின்ற அக்காவிடம் முதன்முதலிற் கேட்டது ஒரு கேள்வி: "நீ ஏன் கவனிக்கேல்லை?" அன்பினாலும் பதற்றத்தினாலும் கேட்டேன் என்று பின்னர் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அக்கா பதில் சொல்லவில்லை. வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தீங்கு செய்தவனை நோக்கி எழ வேண்டிய கேள்வி தாயை நோக்கி எழுந்தது. சமூகவியலை ஒரு பாடமாகப் பயிலும் என்னிடமிருந்தே எழுந்தது!

அதன்பின் அதே கேள்வி பல வாய்களிலிருந்து பல வடிவங்களில் அவளை வந்தடைந்தது. உறவினர் சிலர், "வெளியில தெரிஞ்சால் நாளைக்கு ஆர் இவளைக் கட்டுவினம்?" என்றனர். வேறு சிலர் வழக்கை விட்டுவிட்டு வேற்றூருக்குப் போய்விடுமாறு அறிவுரை கூறினர். அத்தான் எவரோடும் பேசுவதை நிறுத்திக்கொண்டார். இருட்டும்வரை தோட்டத்தில் நிற்பார். வந்து உண்டு படுப்பார். அக்கா இரவெல்லாம் விழித்திருந்து கடந்த ஓராண்டின் ஒவ்வொரு நாளையும் மீட்டுப் பார்த்தாள். எந்த நாளில், எந்த அறிகுறியைத் தான் தவறவிட்டாள் என்பதே அவளது தேடல். பிள்ளை பாடசாலைக்குப் போக மறுத்த அந்தத் திங்கட்கிழமையா? வயிற்றுவலி என்று சொன்ன அந்த மாலையா? பிள்ளையின் காயத்துக்கு மருத்துவமனையில் ஒரு கோவை திறக்கப்பட்டது. பெற்றோரின் காயத்துக்குக் கோவை எதுவும் இல்லை.

எனக்குத் தெரிந்த வழி நூலகந்தான். தேடி வாசித்தேன். சிறுவர் துன்புறுத்தலை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்ததில் 1962 இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவர்தம் சகாக்களும் வெளியிட்ட கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு என அறிந்தேன். அதுகாறும் பிள்ளைகளின் உடைந்த எலும்புகளுக்குப் பெற்றோர் கூறிய காரணங்களை மருத்துவர் பலர் ஐயுறாது ஏற்றிருந்தனர். நமது நாட்டில் 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டுச் சிறுவருக்கெதிரான பாலியற் குற்றங்களுக்குத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 1998 இன் 50 ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. 1929 என்னும் இலக்கத்துக்கு எவரும் தொலைபேசியில் முறையிடலாம். 1999 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, சிறுவரின் வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிவுசெய்து சாட்சியமாக ஏற்பதற்கு வழிசெய்தது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் 2015 இலும் பின் 2023 இலும் இயற்றப்பட்டது. இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய் அக்காவுக்கு ஒவ்வொன்றாக விளக்கினேன். அவள் பொறுமையோடு கேட்டாள். முடிவில், "நீ சொல்லுறதெல்லாம் சரி, பிள்ளை. ஆனா உனக்கு இது நடக்கேல்லையே" என்றாள். அவ்வார்த்தையிற் கோபம் இல்லை. என் அறிவின் எல்லை எதுவென்று அவள் அமைதியாகக் காட்டினாள்.

அக்காலத்திலேதான் மருத்துவமனையின் உளவளத்துணையாளர் ஒருவர், இத்தகைய துயரத்துக்கு உள்ளான தாய்மார் சிலர் மாதம் ஒருமுறை கூடுகின்றனர் என்று அக்காவிடம் கூறினார். அக்கா மறுத்தாள். நம் ஊர்களில் ஒருத்தி பஸ்ஸில் ஏறினாலே, எங்கே போகிறாள் என்பது படலைக்குப் படலை தெரிந்துவிடும். அக்கூட்டத்துக்குப் போவதே எல்லாவற்றையும் பறையறைந்து சொல்வதாகும் என அவள் அஞ்சினாள். அவ்வச்சம் நியாயமானதே. அயற்பிரதேசத்திற் கூட்டம் நடைபெறுகின்றது, தையல் வகுப்பு நடக்கும் அதே கட்டடத்தில் அதே நேரத்தில் நடைபெறுகின்றது என்று அறிந்த பின்னரே அவள் இணங்கினாள். துணைக்கு நான் போனேன்.

வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். பார்வையாளர்களுக்கு அங்கே இடமில்லை. கற்கும் நோக்கத்தோடு வருவோருக்கும் இடமில்லை. அந்தச் சுமையைச் சுமப்போர் மட்டுமே உள்ளே இருக்கலாம். எனக்கு அது முதலில் மனத்தாங்கலாக இருந்தது. வெளி விறாந்தையில், தாய்மாரோடு வந்த சிறு பிள்ளைகளுக்குப் படம் கீறிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆதலால் அவ்வறையினுள் நிகழ்ந்தவற்றை நான் கண்டேனல்லேன். அக்கா தன்னைப் பற்றிச் சொன்னவற்றை மட்டும் அறிவேன். பிறர் கதைகளை அவள் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டாள்; அதுவே அவர்களுடைய முதல் விதி.

முதல் இரு கூட்டங்களிலும் அவள் வாய் திறக்கவில்லையாம். எவரும் வற்புறுத்தவுமில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையிற் கொடுத்துவிட்டு அருகில் இருந்தார்கள். மூன்றாம் கூட்டத்திற் பேசினாள். பேசி முடிந்ததும், வயதில் மூத்த ஒரு தாய் சொன்னது ஒன்றேயாம்: "நானும் அந்த நாளையளை இப்பிடித்தான் எண்ணிக்கொண்டு இருந்தனான்." உனக்கு ஏன் இவ்வாறு நேர்ந்தது என்ற விசாரணை இல்லை; எல்லாம் சரியாகிவிடும் என்ற வெற்றுத்தேறுதலும் இல்லை. தன்னைத் தவிர எவருமே அனுபவித்திராதது என்று தான் எண்ணிய ஒரு வேதனைக்கு இன்னொருத்தியிடமும் பெயர் இருந்தது என்பதை அக்கா அன்று அறிந்தாள். அன்றிரவு, பல மாதங்களுக்குப் பின், விடியும்வரை உறங்கினாள்.

அங்கே அவள் பெற்றவற்றிற் பல மிகச் சாதாரணமானவை. பிள்ளை இரவில் அலறி எழுந்தால் விளக்கைப் போட்டுவிட்டு, தொடுவதற்கு முன் அவளது பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவளை வருத்தலாகாது. அவளாகச் சொல்லும்போது வேலையை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். வழக்குத் தவணைக்குப் போகும் நாளிற் சாப்பாட்டுப் பொதியும் தண்ணீரும் கொண்டுபோக வேண்டும். அன்றும் வழக்கு ஒத்திவைக்கப்படலாம் என்று மனத்தை முன்னரே ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். அயலார் தூண்டித் துருவினால், "அது எங்கட பிள்ளையின்ர விசயம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். இவை எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் வாசித்த நூல்களிலும் இவற்றைக் கண்டதில்லை. நடந்து தேய்ந்த கால்கள் பின்வருவோருக்குக் காட்டிய பாதை இது.

இத்தகைய துணை நமக்கு மட்டும் உரியதன்று. 1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், மதுவுக்கு அடிமைப்பட்டிருந்த பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்து, ஒருவருக்கொருவர் துணைநின்று மீளலாம் எனக் கண்டனர். உலகெங்கும் பரவிய ஓர் இயக்கம் அதிலிருந்து தோன்றியது. 1968 இல் இங்கிலாந்தின் கொவென்ற்றி நகரில் ஒரே மருத்துவமனையில், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு குடும்பங்களின் சிறுவர் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்தனர். அங்கே பணியாற்றிய இளம் குருவானவர் சைமன் ஸ்ரீவன்ஸ், தம்முடைய தேறுதல் மொழிகளைவிட அவ்விரு பெற்றோரும் ஒருவருக்கொருவர் அளித்த ஆறுதல் ஆழமானது என்பதைக் கண்ணுற்றார். மறு ஆண்டில், பிள்ளையை இழந்த பெற்றோருக்கான சங்கம் ஒன்று அங்கே உருவாயிற்று. அறிந்தவர் விலகி நிற்க, அனுபவித்தவர் பேசிய இடம் அது. 1965 இல் பிராங் ரீஸ்மன் என்னும் அமெரிக்க அறிஞர், பிறருக்கு உதவுபவன் அவ்வுதவியினால் தானும் நலமடைகிறான் என்னும் கருத்தை முன்வைத்தார். அக்காவிடம் நான் கண்டதும் அதுவே.

எனினும் இக்கூட்டங்களை எல்லா நோய்க்கும் மருந்தெனக் கொள்ளுதல் தவறாகும். உறக்கமின்றியும் உயிர்வெறுத்தும் துவள்வோருக்கு மருத்துவர் வேண்டும். பிள்ளைக்குத் தனியே உளவளத்துணை வேண்டும். குற்றவாளியை நீதியின் முன் நிறுத்தச் சட்டம் வேண்டும். தாய்மாரின் கண்ணீர் இவற்றுள் எதற்கும் ஈடாகாது. துயரத்தைத் துயரத்தோடு நிறுத்துப் பார்க்கும் அபாயமும் உண்டு. "உன்ர பிள்ளைக்கு அவ்வளவு நடக்கேல்லைத்தானே" என்று ஒருத்தி கூறிவிட்டால் மற்றையவள் மீண்டும் வரமாட்டாள். பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இருப்பது இதனாலேயே அவசியமாகின்றது. சொன்னவை அறையைக் கடந்து ஊருக்குள் ஒருமுறை கசிந்தாலும் கூட்டம் அன்றோடு கலைந்துவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. அவ்வறையில் தந்தையர் இல்லை. பிள்ளையைக் காக்கத் தவறியவன் என்ற எண்ணம் அத்தானைத் தின்றதை நாங்கள் மிகப் பிந்தியே அறிந்தோம். ஆண்மகன் அழலாகாது என்று வளர்த்துவிட்டு, அவன் பேசவில்லையே என்று குறைகூறுதல் எவ்வகையில் நியாயம்? ஒருநாள் அந்த மூத்த தாயின் கணவர், புகையிலைக் கன்று வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். இருவரும் வரம்பில் நெடுநேரம் இருந்தனர். என்ன பேசினார்கள், பேசினார்களா என்பதே எனக்குத் தெரியாது. அன்று மாலை அத்தான் பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்தார். மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தார்.

நமது சமூகம் துயரத்தோடு பழக்கமில்லாததன்று. செத்தவீட்டில் அயலவர் வந்து இருப்பதும், பெண்கள் தோள்மேற் கைபோட்டு வட்டமாக இருந்து ஒப்பாரி சொல்வதும் நாமறிந்த துணைநிற்றல்களே. போர்க்காலத்தில், 1984 இல், யாழ்ப்பாணத்துத் தாய்மார் பிடித்துச் செல்லப்பட்ட தம் பிள்ளைகளுக்காக ஒன்றுகூடி முன்னணி அமைத்தனர். சாவுக்கும் காணாமற்போதலுக்கும் கூடிய நாம், இத்துயரத்துக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொள்வது ஏன்? முன்னையவற்றிற் குற்றம் வெளியே இருந்தது. இங்கோ, குற்றவாளி பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவன். நம் பந்தியில் இருந்து உண்டவனாகவும் இருக்கலாம். அவன் முகத்தைப் பார்க்க அஞ்சுகின்ற நாம், பெற்றோரின் முகத்தில் மானத்தின் பெயரால் கரி பூசுகின்றோம். மானம் போக வேண்டியது எவனுக்கு என்ற கேள்வியை நாம் இன்னும் உரத்துக் கேட்கவில்லை.

சென்ற விடுமுறையில் அக்காவோடு மீண்டும் அவ்விடத்துக்குப் போனேன். புதிதாக ஓர் இளம் தாய் வந்திருந்தாள். வாசலைத் தாண்டாமல், குடையை இறுகப் பற்றியபடி நின்றாள். அக்கா எழுந்து சென்று அவளருகே நின்றாள். விறாந்தையில் இருந்த எனக்கு அவள் சொன்னது கேட்டது.

"நீ ஒரு பிழையும் செய்யேல்லை, தங்கச்சி. உள்ளுக்கை வந்து இரு."

கிணற்றடியில் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. திரும்பி வரும் பஸ்ஸில் அதை அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "தெரியும்" என்றாள். சற்றுப் பொறுத்து, "நீ கேட்டது எனக்கு நெடுநாள் நொந்தது" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை.

வீதியை அகலித்தபோது எங்கள் ஊர்ச் சுமைதாங்கி அகற்றப்பட்டுவிட்டது. குறுக்குக்கல் மட்டும் மதகடியிற் கிடக்கின்றது. தலைச்சுமையோடு நடப்போர் இன்று இல்லையாதலின் எவரும் அதனைத் தேடுவதில்லை. ஆயின் சுமைகள் ஒழியவில்லை. இப்பல்கலைக்கழகத்தில் என்னோடு பயில்வோருள்ளும் இத்தகைய வீடுகளிலிருந்து வந்தோர் இருக்கக்கூடும். நாளை ஆசிரியர்களாகவும் உத்தியோகத்தர்களாகவும் ஊர்களுக்குச் செல்லப்போகும் நாம், அவ்வீடுகளின் படலைகளைத் திறக்க நேரும். அப்போது நம் நாவில் முதலில் எழுவது கேள்வியாக இராதிருக்கட்டும்.