பாசத்துக்கும் எல்லை உண்டு

"மெட்ராஸில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்" என்று சொல்லித்தான் ஊரில் அனுப்பினார்கள். வாடகைக்கு வீடு தேடியபோது நன்றாகவே பேசினார்கள், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கும்வரை.

வியாசர்பாடியில் நான் குடியேறிய தெருவில் யாரும் அதைக் கேட்கவில்லை. தண்ணீர் லாரி வந்தால் பக்கத்து வீட்டு அக்கா என் குடத்தையும் வரிசையில் வைப்பார். காய்ச்சல் என்றால் கஞ்சி வரும்.

எங்கள் ஊரின் பாசம் சேரிக்கு முன்பே நின்றுவிடும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைச் சாடியது சும்மா இல்லை.

நகரத்தில் இந்த உறவை உழைக்கும் மக்களே உண்டாக்கினார்கள். அவர்களை 'ஆக்கிரமிப்பாளர்' என்று கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பும்போது, ஒரே தெருக்காரர்கள் வெவ்வேறு பிளாக்குகளுக்குச் சிதறுகிறார்கள். தோழர்களே, வீடு கேட்கும்போது பக்கத்து வீட்டாரையும் சேர்த்தே கேளுங்கள்.