அனுப்பியது நான்தான்

காற்றாலைக் காத்தாடிகளுக்குப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் சின்ன ஆபீஸ், ராதாபுரத்தில். உள்ளே மூன்று பேர்: நான், முதலாளியின் மச்சினன், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். மூவருக்கும் ஒரே ஜிமெயில், ஒரே பாஸ்வேர்ட். அனுப்பாத மெயிலை இன்னொருவருக்குக் காட்ட ஜிமெயிலில் தனி வசதி கிடையாது. அதனால் எழுதி டிராஃப்டில் போட்டு வைப்போம். மற்றவர் திறந்து பார்த்துத் திருத்துவார். அந்தப் பெண்தான் அதிகம் திருத்துவாள். என் இங்கிலீஷையும் திருத்துவாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிற நேரம். ஒரு காத்தாடி ஏன் இரண்டு நாள் நின்றது என்று சென்னையிலிருந்து ஓர் அதிகாரி கேட்டிருந்தார். பதில் எழுதினேன். மூன்று மாத பில் பாக்கியையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, ஆபீசில் சிரிப்பதற்காக ஒரு வரி: "இந்த ஆளு காத்தாடியக் காலண்டர்லதான் பாத்திருப்பான்."

மத்தியானம் அவள் சொன்னாள்: "அண்ணாச்சி, மேல உள்ள வரிய எடுத்துட்டு அனுப்புங்க."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

டீக்கடையில் நின்றபடி போனில் திறந்தேன். பெருவிரலால் கீழே தள்ளி, அவள் செய்த திருத்தங்களைத்தான் தேடினேன். மேலே பார்க்கவில்லை. அனுப்பினேன். 'ரத்து செய்' என்று அடியில் ஒரு பட்டை வந்தது. ஐந்து விநாடி இருக்கும். நான் டீக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் முதலாளி கத்தினார். யார் அனுப்பியது? அவள் "நான் இல்ல" என்றாள். மச்சினன் கையை விரித்தான். நான் சொன்னது இதுதான்: "பாஸ்வேர்ட் மூணு பேர்ட்டயும் இருக்கு. யாருன்னு எப்படிச் சொல்ல?" பொய் என்று ஒரு சொல் அதில் இல்லை. முழுவதும் பொய். மச்சினனை முதலாளி தொடமாட்டார், நான் பழைய ஆள். மிச்சம் யார் என்று எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

இன்னொன்றும் தெரியும். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்தால் கீழ்மூலையில் 'விவரங்கள்' என்று இருக்கும். எந்த நேரத்தில், போனிலிருந்தா கம்ப்யூட்டரிலிருந்தா உள்ளே வந்தார்கள் என்று அது காட்டிவிடும். அதை யாரும் தட்டிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2016 சட்டமன்றத் தேர்தலில் 49 ஓட்டில் முடிவான தொகுதி ராதாபுரம். தபால் ஓட்டில் சான்றொப்பம் போட்டவருக்கு அந்தத் தகுதி உண்டா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. ஒரு தாளில் பட்ட கை யாருடையது என்பதற்கு என்ன விலை என்று இந்த ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எனக்கும்தான்.

அவளை நிறுத்திவிட்டார்கள். படித்து முடித்துச் சேர்ந்த முதல் வேலை. டிபன் டப்பாவைப் பையில் வைத்துவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பில் பாக்கி தீபாவளி தாண்டித்தான் வந்தது. உயிரைப் பிடித்துக்கொண்டு டவர் ஏறுகிற பையன்கள் ஆறு பேருக்கு அதுவரை பாதிச் சம்பளம்.

அடுத்த வருஷம் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "பழைய கதை, விடும்வே" என்றார். விட்டுவிட்டேன். அவளிடம் போய்ச் சொல்லவில்லை, வீடு தெரியும்.

அந்தத் தீபாவளிக்கு எனக்கு மட்டும் போனஸ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.